அறுநூறு கிராம்

அந்த வாரம் முழுக்க பார்சல் ஆபீஸின் ஷட்டரைத் தூக்கியதும் கவுன்டர் குமாஸ்தா முதலில் எடை போட்டது தன் மகளைத்தான். பதிமூன்று வயதுப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நிற்பாள். அப்பா எண்ணைப் படிப்பார். திங்கட்கிழமை நாற்பது கிலோ ஐந்நூறு. ஞாயிற்றுக்கிழமை ஜூடோ போட்டியில் அவள் பெயர் கொடுத்திருந்தது நாற்பது கிலோவுக்கு உட்பட்ட பிரிவுக்கு. அதற்குள் அரை கிலோ இறங்கியாக வேண்டும்.

"அரை கிலோதானே, ஊதித் தள்ளிடலாம்" என்றார். சொல்வதற்கு என்ன, வயிறு அவருடையதா?

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாடு நின்றது. வியாழக்கிழமை தண்ணீருக்கும் அளவு வந்தது. அம்மா தட்டை நீட்டினால் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"பிள்ளையைக் கொல்லப் போறீங்களா?" என்று மனைவி கத்தினாள். அவர் பயிற்சிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தார். "போட்டியில இறங்கினாத்தான் பிள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை வளரும்." வளர வேண்டிய உடம்பைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு வரிகூட இல்லை.

ஞாயிறு விடிந்ததும் அரங்குக்குப் போகிற வழியில் ஆபீஸைத் திறந்து கடைசியாக ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது தொள்ளாயிரம். இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

அரங்கில் எடை பார்த்த பெண்மணி எண்ணை உரக்கப் படித்தார். "முப்பத்தொன்பது முந்நூறு. இவ்வளவு மிச்சமிருக்கே, நல்லா சாப்பிட்டே வந்திருக்கலாமேம்மா!"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபீஸ் தராசு அறுநூறு கிராம் கூட்டிக் காட்டும். பார்சலுக்குக் கூடுதல் கட்டணம் வாங்க முதலாளி செய்துவைத்த வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒன்பது வருடமாக முகம் மாறாமல் அந்த எண்ணைப் படித்துப் படித்து, அது பொய் என்பதே மறந்துபோயிருந்தது. திங்கட்கிழமையே பெண் நாற்பதுக்குள்தான் இருந்திருக்கிறாள்.

முதல் ஆட்டத்தில் அவள் இருபது வினாடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கால் நடுங்குவது பார்வையாளர் வரிசைவரை தெரிந்தது. எதிரே நின்றவள் சட்டையைப் பிடித்து இழுத்ததும் துணிமூட்டை மாதிரி போய் விழுந்தாள்.

"நாற்பதுல எல்லாம் பலசாலிங்க சார்" என்றார் பயிற்சி தரும் மாஸ்டர், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "முப்பத்தாறுக்கு இறக்கிடுங்க. அங்கே இவளை அடிச்சுக்க ஆளே இல்ல."

வெளியே பெஞ்சில் பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கட் பாக்கெட் மடியில் பிரிக்காமலே கிடந்தது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். ஆனால் நாளைக்கும் இவள் பட்டினி கிடப்பாளே.

"ஆபீஸ் தராசு அறுநூறு கிராம் கூடக் காட்டும்மா. எனக்குத் தெரியும், மறந்து தொலைச்சிட்டேன். நீ ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்க வேண்டாம். உன் மேல எந்தக் குறையும் இல்ல, எல்லாம் என் தப்பு."

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை. அவளோ விரல்விட்டு என்னவோ கணக்குப் போட்டாள். வறண்டு வெடித்த உதட்டில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது.

"அப்போ நம்ம தராசுல முப்பத்தாறு அறுநூறு காட்டினாலே போதுமாப்பா?" என்று கேட்டாள். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.