கம்மாயால் பலன் ஒன்றுமில்லை

அன்று பாசன சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர மேசைக்குப் பின்னால் ஜெனி; எங்கள் கம்மாய் ஜனங்களுக்குத் தரும் பலனை அளந்து எழுத வந்த பெண். அவளுக்கு வலப்பக்கம், சங்கச் செயலாளரான நான். எதிர் பெஞ்சில், குத்தகைக்காரனுக்குத் தெரியாமல் ராத்திரியில் கம்மாயில் வலை போடும் விருமாண்டி. அன்னக்கொடி மட்டும் நாற்காலி வேண்டாமென்று வாசலருகே தரையில் உட்கார்ந்தாள். அவள் கிணறு கம்மாய்க்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விளையும் கத்தரிக்காய் பரவை மார்க்கெட்டுக்குப் போனால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேனாவும் தாளுமாக யார் வந்து எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் முதல் பதில். இருக்கிறது என்றால் வரி வரும், வழக்கு வரும். இல்லை என்றவனுக்கு எதுவும் வந்ததில்லை.

"கம்மாயில மீன் பிடிக்கிறீங்களாண்ணே?" என்று ஜெனி கேட்டாள்.

"மீனா? தவளதான் கெடக்கு. வேணும்னா ரெண்டு பிடிச்சுத் தாரேன், கொண்டு போங்க" என்றான் விருமாண்டி.

அவள் சிரித்தபடி எழுதிக்கொண்டாள். தீவனம்? வெறும் முள்ளுதான் என்றோம். பிறகு அன்னக்கொடியிடம் திரும்பினாள். "கம்மாய் நெறஞ்சா ஒங்க கெணத்துல தண்ணி ஏறுமாக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது தனி ஊத்து."

தண்ணீர் வற்றியதும் அவள் கம்மாய்க்குள் ஒரு துண்டு நிலத்தில் மாட்டுக்குச் சோளம் விதைப்பாள்; சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. பேச்சு அதுவரை போய்விடுமே என்ற பயம்.

"இத வச்சு என்ன செய்வீக தாயி?" என்றான் விருமாண்டி.

"மூணு கம்மாய அளக்குறோம். எதுல பலன் கம்மியோ, அத மூடி லாரி நிறுத்துற எடமாக்கப் போறாங்களாம். மத்த ரெண்டுலயும் நெறையாச் சொன்னாங்க."

அன்னக்கொடி மெல்லக் கேட்டாள்: "மூடுறதுன்னா... மண்ணக் கொட்டியா?"

"ஆமாக்கா."

"நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன் தாயி" என்றான் விருமாண்டி.

"இனி வாயால மாத்த முடியாதுண்ணே. யார் என்ன பலன் எடுக்குறாங்கன்னு கையெழுத்தோட எழுதி எங்க ஆபீசுக்கு அனுப்புங்க. பேரில்லாம வந்தா சேக்க மாட்டாங்க."

அவள் போனதும் விருமாண்டி எழுந்தான். "மாப்ள, எம் பேரப் போட்ராத. மீன் குத்தகைக்காரன் கால ஒடிச்சிருவான்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டான்.

"கெணத்த மட்டும் எழுதுனாப் போதாதாண்ணே?" என்றாள் அன்னக்கொடி.

"பாக்க வருவாங்க. கரை மேல ஏறுனா சோளத்தட்டை தெரியும். மறுபடியும் மறைச்சோம்னா கெணத்தையும் நம்ப மாட்டாங்க."

"அழிச்சிருவாய்ங்களே."

"அழிப்பாங்க."

"கேசும் போடுவாய்ங்களா?"

"தெரியலம்மா."

வெளியே எங்கோ லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எழுதுங்க" என்றாள்.

வரிசையாக எழுதினேன்: கிணறு, மழைக்குப் பின் ஏறும் தண்ணீர், கத்தரித் தோட்டம், கடைசியில் சோளம். வாசித்துக் காட்டியபோது சோளத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மறுநாள் காலை நாகமலை புதுக்கோட்டை தபாலாபீசில் உறையை ஒட்டி, ஓரங்களை அழுத்தித் தேய்த்து, பதிவுத் தபாலில் கொடுத்தேன். முத்திரை விழுந்தது.

"இப்பத் திரும்ப வாங்க முடியுமாண்ணே?" என்றாள் கூட வந்திருந்த அன்னக்கொடி.

நான் பதில் சொல்வதற்குள் உறை சாக்குக்குள் போய்விட்டது.