பத்தொன்பது வரிகள்

மூன்றாம் எண் ஜன்னலில் சத்தம் கூடிக்கொண்டே போனதால்தான் சஃபீனாவைக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பின்கட்டில் இருந்த ரெக்கார்ட் ரூமில் அவள் பழைய பதிவேடு ஒன்றை விரித்துவைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் தமிழ் பேசினால் கவுண்டர்க்காரர் அவளைத்தான் அழைப்பார். தாராவிக்காரர்கள் வந்துபோகிற ஆபீஸ் என்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை அந்த அழைப்பு வரும்.

வெளியே ஒரு அம்மாவும் இரண்டு பெண்களும் நின்றார்கள். பெண்களுக்கு இன்னும் இருபது ஆகியிருக்காது. ஒரே முகம், ஒரே உயரம். ஒருத்தி முடியைத் தூக்கி கிளிப் போட்டிருந்தாள், மற்றவள் பின்னியிருந்தாள். அதை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். கவுண்டர்க்காரர் இந்தியில் எரிந்து விழுந்தார்: “இவங்களுக்கு ஏற்கெனவே சர்டிபிகேட் கொடுத்தாச்சு. அதே பதிவுக்கு இன்னொண்ணு கேக்கிறாங்க. கேஸ் ஆயிடும்னு சொல்லு.”

அந்த அம்மா பெயர் பேராச்சி. குர்லாவில் ஒரு தையல் பட்டறையில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டும் வேலை. சஃபீனா தமிழில் விசாரித்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

“யம்மா, நீ நம்ம பக்கத்துப் பிள்ளையா? நல்லதாப் போச்சு. இவ பெரியவ, மாலதி. இவளுக்குப் போன மாசம் சர்டிபிகேட் குடுத்துட்டாவ. இவ சின்னவ, சாதனா. கால் மணி நேரம் பிந்திப் பொறந்தா. இவளுக்குக் கேட்டா, எனக்கு ஒத்தப் பிள்ளதான் பொறந்திருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். பெத்தவ நான் நிக்கேன், அது என்னத்தக் கண்டுச்சு?”

பின்னல் போட்டிருந்த சாதனா குறுக்கே வந்தாள். “தீதி, எனக்கு மண்டேக்குள்ள வேணும். அணுசக்தி நகர்ல டெக்னீஷியன் டிரெய்னிங். செலக்ட் ஆயிட்டேன். பர்த் சர்டிபிகேட் இல்லன்னா எடுத்துக்க மாட்டாங்க.”

பிறந்த தேதியையும் மருத்துவமனையின் பெயரையும் குறித்துக்கொண்டு சஃபீனா உள்ளே போனாள்.

ஆறு வருடமாக அவளுடைய இடம் அந்த அறைதான். கான்ட்ராக்ட் வேலை, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிப்பார்கள். இரும்பு ரேக்குகளில் பழுப்பு அட்டை போட்ட பதிவேடுகள் வருடவாரியாக அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்கேலைச் செருகி மெல்லப் பிரிக்க வேண்டும். எல்லாம் மராத்திக் கையெழுத்து. சஃபீனா ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். மராத்தியை இந்தப் பதிவேடுகளில்தான் ஒழுங்காகக் கற்றாள். எந்த வருடம் எந்த கிளார்க் எழுதினார் என்பதைக் கையெழுத்தைப் பார்த்தே சொல்லுவாள். 2006-ஐ எழுதியவர் ‘ள’வுக்குக் கீழே ஒரு வால் நீட்டுவார். தப்புச் செய்தாலும் உடனே சிவப்பு மையில் அடித்துவிடுகிறவர். அவருடைய பக்கங்களை ஏற்றும்போது அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த வருடத்தின் மூன்றாம் பதிவேட்டில், நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தாய் பேராச்சி, தந்தை மாரிக்கண்ணன், பெண் குழந்தை. இரண்டு வரியிலும் அதே தேதி, அதே விலாசம். பெயர்க் கட்டம் இரண்டிலும் காலி. அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் வந்துவிடும். வித்தியாசம் ஒரே ஒரு கட்டத்தில். காலை 6.10. காலை 6.25.

புது சிஸ்டத்தில் தேடினாள். ஒரு வரிதான் வந்தது. பிறந்த நேரத்துக்கு அதில் கட்டமே இல்லை.

முதலில் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம். தானே விட்டுவிட்டோமோ? பழைய சிஸ்டத்தைத் திறந்தாள். புதியது இரண்டு மாதமாகச் சோதனையில்தான் ஓடுகிறது; பழைய சர்வரை இன்னும் அணைக்கவில்லை. அதில் இரண்டு வரியும் இருந்தன, அவள் பெயரோடு, அவள் ஏற்றிய தேதியோடு. சஃபீனா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் வர வேண்டிய ஆறுதல் வரவில்லை. சாதனாவைப் போல இன்னும் எத்தனை பேர் என்ற கேள்விதான் வந்தது.

பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது வரி. அச்சடித்த கோடு, கூடாது குறையாது. புது சிஸ்டத்தில் பக்கவாரியாக எண்ணிக்கை எடுக்க முடியும். 2006-க்கு மட்டும் எடுத்தாள். எழுபது பக்கங்களில் பக்கத்துக்குப் பத்தொன்பது வரிகள். ஒரு பக்கத்தில் பதினெட்டு.

பேராச்சியிடம் போய், “யக்கா, ரெண்டு பேரும் புஸ்தகத்துல இருக்காவ. நான் கண்ணால பாத்துட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுதேன்” என்றாள். பேராச்சி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சாதனாவோ, “பக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சஃபீனாவின் நம்பரைக் கேட்டுச் செல்போனில் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் சுறுசுறுப்பு சஃபீனாவுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு வேறொரு அர்த்தமும் இருந்தது. அன்றுதான் புது சிஸ்டத்தின் தொடக்க விழா. மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பதிவாளர் சாவந்த் மேடம் ஒரு வாரமாகச் சுவருக்கு வெள்ளையடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள் கூட்டத்தில், தரவு சரியாக மாற்றப்பட்டது என்று ஒரு படிவத்தில், அதை ஏற்றியவள் என்ற முறையில் சஃபீனா கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள். புதியதில் இல்லாத வரிகள் அதோடு போய்விடும்.

மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்தவள் கோகிலவாணி. மாட்டுங்காக்காரி, அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். சஃபீனாவிடம் எப்போதும் இந்தியில்தான் பேசுவாள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஏன் இப்படிப் பேசிக்கொள்கிறோம் என்று சஃபீனா சில சமயம் நினைத்ததுண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சஃபீனாவே தமிழில் ஆரம்பித்தாள்.

“கோகிலா மேடம், உங்க ரிப்போர்ட்ல ஆயிரத்து நூத்தி நாப்பது டூப்ளிகேட் பதிவு நீக்கினோம்னு போட்டிருக்கீங்கள்லா. அதுல ரெட்டப் பிள்ளைங்க எத்தன?”

கோகிலவாணி மடிக்கணினியிலிருந்து நிமிரவில்லை. “எல்லாம் டூப்ளிகேட்தாங்க. அப்பா, அம்மா, தேதி, ஆணா பொண்ணா, பேரு. அஞ்சும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னு ரூல். பேரு வேற வேறயா இருந்தா தனித்தனியா விட்டுடும்.”

“பேரே எழுதாட்டா?”

அவள் விரல்கள் நின்றன. “லிஸ்ட் ஹெட் ஆபீஸ்ல இருக்கு, கேட்டுப் பாக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் கணவன் ஷாகிரிடம் சொன்னபோது அவன் பெல்ட் பக்கிள்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். “கடிதம் புதுப்பிக்க அடுத்த மாசம்தான இருக்கு? இப்பப் போயி கையெழுத்து போட மாட்டேன்னு நின்னா ஒன்ன வச்சிருப்பாங்களா சஃபி?”

“தெரியல மச்சான்.”

“பின்ன?”

“அந்தப் பிள்ளையள நான்தான் ஏத்துனேன். ரெண்டு வரியும் என் பேர்ல இருக்கு. ஒரு வரி இல்லன்னு நானே எப்படி எழுதிக் குடுப்பேன்?”

ஷாகிர் ஒரு பக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது கழிவுக்குப் போறது. ஆனா அடுக்குல போட்டா யாருக்கும் தெரியாது” என்றான். பிறகு அதைக் கழிவுக் கூடையில் போட்டான்.

புதன்கிழமை முழுக்க சஃபீனா அந்த எழுபத்தொரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்பது பக்கங்களில் உண்மையிலேயே ஒரே பிறப்பை இரண்டு முறை எழுதி, பிறகு ஒரு வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்; வரி விடாமல் ஏற்றியதில் அதுவும் சேர்ந்து ஏறியிருந்தது. புது சிஸ்டம் அதைச் சரியாகவே பிடித்திருந்தது; அதையும் அவள் குறித்துக்கொண்டாள். மீதி அறுபத்திரண்டும் வெவ்வேறு நேரங்களில் பிறந்த குழந்தைகள். பதினெட்டு வரி இருந்த பக்கத்தில், நாகூர் மீரான் என்பவருக்கு ஒரே காலையில் மூன்று பெண்கள். மூன்று பேர் ஒருத்தியாகியிருந்தார்கள். இப்போது அவர்கள் எங்கேயோ கல்லூரிக்குப் போகிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், மூவரும் ஒரே அறையில் சண்டை போடுகிறார்கள். தங்களில் இரண்டு பேர் அழிந்துபோனது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

மதியம் மூன்று மணி வாக்கில் கோகிலவாணி ரெக்கார்ட் ரூமுக்கு வந்தாள். இரண்டு மாதத்தில் அவள் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. நாப்தலின் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவள், பிறகு கையை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். “காட்டுங்க” என்றாள்.

சஃபீனா பக்கங்களைக் காட்டக் காட்ட அவள் தன் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். ஏழாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

“அந்த ரூல் எழுதினது நான்தான்” என்றாள். “டைம் ஃபீல்டு வேண்டாம்னு சொன்னதும் நான்தான். ஸ்கிரீன்ல இடம் பத்தலை. ஒருத்தர்கூட இதைக் கேக்கலை.”

“ஒருத்தரும் இங்க வந்து புஸ்தகத்தத் தொறக்கல. தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அதை அவள் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கோகிலவாணிக்கும் அப்படிப் படவில்லை போலும். “நாளைக்கு மீட்டிங்ல என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள்.

“விழாவ நிப்பாட்டச் சொல்ல மாட்டேன். நிப்பாட்டவும் மாட்டாங்க. பழைய சர்வர மட்டும் அணைக்காம வச்சிருக்க முடியுமா? அதச் சொல்லுங்க, எனக்கு அது போதும்.”

கோகிலவாணி சற்று யோசித்தாள். “முடியும். ஆனா ஏன்னு கேப்பாங்க. ரூல் தப்புன்னு எங்க கம்பெனி எழுத்துல கொடுக்கணும்.” சொல்லிவிட்டுப் பதிவேட்டின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். “கொடுக்கறேன்” என்றாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஒன்பது பேர். சாவந்த் மேடம் படிவத்தைச் சஃபீனா பக்கம் நகர்த்தினார். சஃபீனா பேனாவை எடுக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்திருந்த பக்கங்களை மேசையின் நடுவில் வைத்து, மராத்தியில் பேச ஆரம்பித்தாள். இரவில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை. பதிவேட்டின் மொழி அது. அந்த அறையில் இருந்த யாரையும்விட அதில் அவள் நெடுநாள் புழங்கியவள்.

“எழுபத்தொரு பக்கம் நான் கையால சரிபார்த்தேன். ஒன்பது பக்கத்துல கம்ப்யூட்டர் சொன்னது சரி. அறுபத்திரண்டுல தப்பு. இது ஒரு வருஷம். இன்னும் பதினஞ்சு வருஷம் பாக்கி இருக்கு.”

“அழைப்பிதழ் அடிச்சாச்சு. இதை நீ முந்தியே சொல்லியிருக்கலாமே?” என்றார் சாவந்த் மேடம்.

“செவ்வாய்க்கிழமை ஒரு பொண்ணு ஜன்னலுக்கு வந்தா. அதுவரைக்கும் எனக்கும் தெரியாது. தெரிஞ்ச பிறகு இதுல கையெழுத்துப் போட முடியாது மேடம்.”

கம்பெனியின் மேலாளர் வீடியோ திரையில் இருந்தபடி, விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார். அப்போது கோகிலவாணி எழுந்தாள். “சார், ரூல் தப்பு. நான் எழுதினது. காலைலயே மெயில் போட்டிருக்கேன். பழைய சர்வர் இருந்தா எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவரலாம். அணைச்சுட்டா முடியாது.” சொல்லி முடித்த பிறகும் அவள் உட்காரவில்லை.

சாவந்த் மேடம் ஜெராக்ஸ் பக்கங்களைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் முப்பது வருடம் முன்பு இதே ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தவர். இந்தப் பேனா எழுத்துகளுக்கு நடுவில்தான் வளர்ந்தார். நாகூர் மீரானின் மூன்று வரிகளில் அவர் விரல் நின்றது. படிவத்தை எடுத்து, “பழைய சர்வர் ஆறு மாதம் இயங்கும்” என்று கையால் ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் தேதி போட்டார். “இப்ப போடுவியா?” என்றார். சஃபீனா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டாள்.

சாதனாவுக்கு அன்று மாலையே பதிவேட்டிலிருந்து எடுத்த நகலாக, பதிவாளர் முத்திரையோடு சர்டிபிகேட் கிடைத்தது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மாலதி எட்டிப் பார்த்து, “என்னோடதுல எழுத்து பெருசு” என்றாள். பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கும் சண்டயா ரெண்டு பேரும்? நடங்கட்டி” என்று படியிறங்கினாள். திங்கட்கிழமை மதியம் சாதனாவிடமிருந்து சஃபீனாவுக்கு ஒரு போட்டோ வந்தது: கழுத்தில் புது அடையாள அட்டை, பின்னால் ஸ்டாஃப் பஸ்.

கோகிலவாணியின் மேலாளர் திருத்தும் வேலை முழுவதையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார். மற்ற வார்டுகளிலும் இதே ரூல்தான் ஓடியிருந்தது. சாவந்த் மேடம், “பதிவேடு படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தி எங்கிட்ட இருக்கா” என்று மேலிடத்துக்கு எழுதினாராம். சஃபீனாவின் கடிதம் புதுப்பிக்கப்படுமா என்று அந்த மாதக் கடைசியிலும் யாரும் சொல்லவில்லை. கேட்டபோது, “அனுப்பியிருக்கோம், பார்க்கலாம்” என்றார்கள். அதற்காக அவள் தூக்கம் கெடவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை சஃபீனாவும் கோகிலவாணியும் செம்பூர் பக்கத்து வார்டு ஆபீஸின் ரெக்கார்ட் ரூமுக்குப் போனார்கள். பியூன் பிச்சையா பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். ரேக்குகள் நிறைந்து, அவற்றின் தலையில் அடுக்கி, அதுவும் நிறைந்து, பதிவேடுகள் கூரை வரை போயிருந்தன. உள்ளே நுழைந்ததுமே வேர்த்தது.

“ஃபேன் போடுங்கண்ணே” என்றாள் சஃபீனா.

“போட முடியாதும்மா. புஸ்தகம் இறக்கையில இடிக்கும். பல வருசமா போடல.”

கோகிலவாணி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏணியைச் சாய்த்தாள். அவள் மேலிருந்து எடுத்துக் கொடுக்க, சஃபீனா வாங்கி, தட்டி, வருடம் பார்த்துத் தரையில் அடுக்கினாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, பேசியது தமிழில். டீ வந்து ஆறிப்போனது. இரண்டு மணி அளவில் ஐம்பதாவது பதிவேடு இறங்கியபோது, பிச்சையா யாரையும் கேட்காமல் சுவர்ப் பக்கம் போய் சுவிட்சைத் தட்டினார்.

இறக்கைகள் முனகின. ஒரு சுற்று, நின்றதுபோல் ஒரு தயக்கம், பிறகு இன்னொரு சுற்று. மேலே படிந்திருந்த தூசி மொத்தமும் அவர்கள் தலையில், தோளில், திறந்துகிடந்த பக்கங்களில் கொட்டியது. இருமிக்கொண்டே இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபேன் வேகமெடுத்துக்கொண்டிருந்தது.