முப்பத்தேழாம் நிமிடத்தில் புஷ்பராணி

மூன்று முறை வெட்டியெறிந்த பிறகும், அந்த இத்தாலியப் போர்ப்படத்தின் முப்பத்தேழாம் நிமிடத்தில் புஷ்பராணி வந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். வெட்டியவர்கள் ரோமில் பேர்பெற்றவர்கள். அவர்கள் கையில் பிழையில்லை.

படம் எடுத்தது புஷ்பராணி அகதியாக வந்து குடியேறிய செயின்ட்-மிஷேலில், பழைய கல் குவாரியின் விளிம்பில். பலகையால் ஒரு மலைக்கிராமத்தை எழுப்பி, இதுதான் 1944 என்று சொல்லிவிட்டார்கள். கிராமத்தாருக்கு நாற்பது சால்வை தைத்துக் கொடுத்தவள் புஷ்பராணி. ஆள் குறைந்த அன்று ஒரு சால்வையை அவள் தலையிலேயே போட்டு, தூரத்தில் முகம் தெரியாது என்று நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் விமானம் இரைந்ததும் எல்லோரும் தேவாலயத்துக்கு ஓட வேண்டும். முப்பத்தொன்பது பேர் ஓடினார்கள். புஷ்பராணி விழுந்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல் தூக்கி, காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். விமானம் குண்டு போட்ட அவள் ஊரில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. இயக்குநர் ஃபெரூச்சோ, பாவம், போரைப் புத்தகத்தில் படித்தவர். ஒன்பது தடவை எடுத்தார். ஒன்பது தடவையும் அவள் படுத்தாள். படப்பிடிப்பு விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த ரதீசன் அவருடைய கத்தலைப் பதமாக மொழிபெயர்த்தான்.

"அக்கா, சும்மா நடிப்புத்தானே. ஒருக்கா ஓடுங்கோவன்."

"என்ர தங்கச்சி ஓடினவள். பன்னிரண்டு வயசு. படு, படு எண்டு நான் கத்தக் கத்த ஓடினவள். அவரிட்டச் சொல்லு தம்பி, நான் நடிப்புக்கும் ஓடமாட்டன்."

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அவள் இல்லாமலே எடுத்தார்கள். ரோமில் முதல் திரையிடலில் அவள் படுத்திருந்தாள். அந்நேரம் அவள் தான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததை அறுபது பேர் கண்டிருக்கிறார்கள். வெட்டினார்கள். இரண்டாம் முறை ரொட்டிக்காரியாக நடித்தவளும் பக்கத்தில் படுத்தாள். வெட்டினார்கள். மூன்றாம் முறை கிராமமே படுத்தது. செருப்பில் சேறு பட்டாலே சண்டை பிடிக்கும் பெரிய நடிகர், பாதிரியார் அங்கியோடு வாயைப் பிளந்து கிடந்தார். அதையும் வெட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததாக செயின்ட்-மிஷேலுக்குக் கிட்டவுள்ள லொங்குய்யில் திரையிட்டார்கள். அன்று பின்னேரம் ரதீசன் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, உங்களுக்குப் பக்கத்தில நீலச் சட்டையோட ஒரு பிள்ளை படுத்திருக்கு. அப்பிடி ஒருத்தரையும் நாங்கள் எடுக்கேல்லை. ஆரெண்டு டைரக்டர் கேக்கிறார்."

புஷ்பராணி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"வாய் திறந்திருக்கோ?"

"ஓம்."

"முழங்கை ஊண்டியிருக்கோ?"

"ஓம் அக்கா. பிளேன் போனாப் பிறகு எழும்பி, சட்டையைத் தட்டிப்போட்டு நடந்து போகுது."

புஷ்பராணி எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிரஷாந்தினி எண்டு பேர் போடச் சொல்லு" என்றாள். ஃபெரூச்சோ வெட்டுவதை விட்டுவிட்டார். கிராமத்தார் பட்டியலில் நாற்பத்தோராவதாக அந்தப் பெயர் சேர்ந்தது. புஷ்பராணி பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவுக்கு இன்னொரு சால்வை தைத்து ரோமுக்கு அனுப்பினாள். அடுத்த திரையிடலில் பிள்ளை அதைப் போர்த்தியிருந்தது.