அரிசி கொடுத்த ஊர்

உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைப்பது பூதலூர்ப் பக்கத்து அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். மாதக் கடைசியில் அது மாதா கோயிலுக்குப் போகும். இந்த மாதம் ஜெபக்குழுத் தலைவி ரோஸ்லின் முன்னதாகவே சாக்கோடு வந்து, சம்பா நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்களுக்கு என்றார். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சிலர் பழைய புடவையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அமலியும் தன் வீட்டுப் பானையைச் சாக்கில் கவிழ்த்தாள். இந்த மாதம் அரிசி ஏன் அங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளை பிடிக்கிற வடக்கத்திக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று அந்த வாரம் செல்போனில் ஒரு குரல் பதிவு ஊர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நிமாய், நடவுக்கு வந்த வங்காளத்துப் பையன், தடுக்கி விழுந்த ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினான். அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். எதிரே இ-சேவை மையத்தில் வேலை செய்யும் அமலி ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்தாள். முதல் அடி அவள் அண்ணன் ஆண்டனி அடித்தது. வேலிக் கம்பு. நாற்று நடுகிற நிமாயின் வலது கை ஒடிந்தது.

இத்தனைக்கும் ஆண்டனி ஆறு வருஷம் சிங்கப்பூரில் கம்பி கட்டியவன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்கள் என்று போனில் அழுதவன்.

ரோஸ்லினும் அமலியும் வங்காளத்து ஆட்கள் தங்கியிருந்த பம்ப்செட் கொட்டகைக்கு அரிசியைக் கொண்டுபோனார்கள். நிமாயின் அண்ணன் சுபல்தான் அந்த நடவு ஆட்களுக்குத் தலைவன். எட்டு நடவாக இங்கே வருகிறவன். வயலில் அவனை அதட்டிய தமிழ்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ். சாக்கை அவன் தொடவில்லை.

"அரிசி இருக்கு அக்கா. போலீஸ் சாட்சி கேக்குது. யாரு அடிச்சான், ஒரு பேரு சொல்லு. போதும்."

பொம்பளைகள் ஸ்டேஷனுக்கு எப்படி வருவது, ஜெபம் பண்ணுகிறோம் என்றார் ரோஸ்லின். சுபல் அமலி பக்கம் திரும்பினான்.

"நீ ஜன்னல்ல இருந்த."

அமலி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுபல் சாட்சி கேட்டதை வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. "உங்கண்ணன் திரும்பச் சிங்கப்பூர் போறதுக்குப் பேப்பரெல்லாம் குடுத்திருக்கான். கேசு விழுந்தா அவ்வளவுதான். அவனுங்க இன்னைக்கு இருப்பானுங்க, நாளைக்குப் போயிடுவானுங்க. நீ இந்த வீட்டுலதானடி சோறு திங்கணும்."

அமலி இரண்டு நாள் யோசித்தாள். வீட்டிலேயே முதன்முதலில் பட்டம் வாங்கியவள், யோசிக்க நன்றாகவே தெரியும். மூன்றாம் நாள் காலை ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"லேட்டும்மா" என்றார் ஏட்டு. "காலை வண்டிக்கு அந்த வங்காளத்து ஆளுங்க எல்லாரும் கிளம்பிட்டானுங்க. கை ஒடிஞ்ச பையன் புகார் வேணாம்னு கைநாட்டு வச்சிட்டுப் போயிட்டான்."

"நான் பாத்தேன் சார். எங்க அண்ணன்தான் அடிச்சுது. எழுதிக்குங்க."

ஏட்டு பேனாவைத் திறக்கவில்லை. "அடிபட்டவனே இல்ல, யாருக்காக எழுதச் சொல்ற? கூடப் பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ என்ன பண்ணப்போற? போம்மா, போய் வேலையப் பாரு."

திரும்பும் வழியில் கொட்டகைக்குப் போனாள். பாதி வயல்தான் நட்டிருந்தது. மீதியில் கட்டிப் போட்ட நாற்று முடிகள் தண்ணீரில் கிடந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. வாசலில் அரிசிச் சாக்கு, கட்டின கட்டு அவிழாமல். பக்கத்தில் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல மனசோட குடுத்தோம். இப்படிப் போட்டுட்டுப் போயிட்டானுங்களே, நன்றி கெட்டவனுங்க."

"நல்ல மனசு எங்கக்கா இருந்துச்சு?" என்றாள் அமலி. "அடிச்சவன் பேரு இந்தத் தெருவுக்கே தெரியும். அத மறைக்கத்தான் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டோம். நானும்தான். அடிபட்டவனுக்குத் துணை நிக்கிறதுன்னா அவன் ஊர்ல இருக்கிறப்பவே, அடிச்சவன் நம்ம வீட்டு ஆளா இருந்தாலும், எழுந்து நின்னு பேரச் சொல்லணும். அத விட்டுட்டு அரிசி குடுத்தா அது உதவி இல்ல, நாம தூங்குறதுக்கு மருந்து."

ரோஸ்லின் குனிந்தார். சாக்கின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் புடி. எறும்பு ஏறிடும், கோயில்லயே போட்டுடலாம்."

அமலி பிடித்தாள்.