தார்ப்பாய் நாற்காலி

ஈஸ்டர் பாஸ்கு முடிந்து வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார் என்றதும், ராயபுரத்து ஆர்பர் மேஸ்திரி அம்புரோசுக்குக் கால் தரையில் பாவவில்லை. திருவிழாக் கொடியை இந்த வருஷம் யார் தூக்குவது என்று அன்றைக்குத்தான் சாமியார் சொல்வார். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு நாற்காலி. கோட்டை கட்டிய வெள்ளைக்காரனைவிடப் பத்து வயது மூத்தது. பிரம்பு கிழிந்து, பூனை ஏறினால் நேரே தரைக்கு வந்துவிடும்.

காசு கொடுத்து ஆசாரியைக் கூப்பிடுவானா அம்புரோஸ்? துறைமுகக் கிடங்கிலிருந்து தார்ப்பாய்த் துண்டு ஒன்றை வேட்டிக்குள் சுற்றிக்கொண்டு, பத்து மாதக் கர்ப்பிணிபோல நடந்து வந்தான். ஒரு வண்டித் தேங்காய் நாரை ஓட்டையில் அடைத்தான். மேலே தார்ப்பாயை இழுத்துப் படகு ஆணி அடித்தான். தார் பூசிய பக்கம் தோல் மாதிரி பளபளத்ததால் அதையே மேலே வைத்தான்.

“அத்த உள்ளார திருப்புய்யா, வெயிலுக்கு ஒட்டிக்கும்” என்றாள் மனைவி இருதயம்மாள்.

“சும்மா கெட. லாட்டு தொர வூட்லகூட இப்டி கெடையாது!”

சித்திரை வெயில். சாமியார் உட்கார்ந்து இரண்டு லோட்டா மோர் குடித்தார்.

“மெத்தை ஜோர். துணி எங்கே வாங்கினாய்?”

“பாரிஸ் கார்னர்ல சாமி. சொந்தக் காசு.”

“நல்லது. கொடி உனக்குத்தான்.”

சாமியார் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து இழுத்ததில், எண்ணூர்வரை கேட்கும் சத்தத்தோடு நாற்காலி கழன்றது. வெள்ளை அங்கியின் பின்னால் ஆப்பச்சட்டி அகலத்துக்கு இரண்டு கறுப்பு வட்டங்கள். கறை பட்டது சாமியாருக்குத் தெரியாது. தீர்த்தச் செம்போடு அடுத்த வீடுகளுக்குச் சாமியாரின் பின்னால் போகவேண்டிய அம்புரோஸ், அந்த வட்டங்களை மறைத்தபடி ஒட்டி நடந்தான்.

“இன்னா மாமு, சாமி முதுவுல பல்லி கணக்கா ஒட்டிகினு போற?” என்று கிடங்கில் கூட வேலை செய்யும் தாமஸ் சிரித்தபடி அவன் தோளைப் பிடித்து இழுத்தான். வட்டங்களைத் தெருவே பார்த்தது. “அட, இது நம்ம கெடங்கு தாராச்சே!”

சாமியார் திரும்பினார். “பாரிஸ் கார்னர் என்றாயே?”

தாமஸ் சிரிப்பை நிறுத்திவிட்டான். அதுதான் அம்புரோசுக்கு இன்னும் கூசியது.

“கெடங்குல எட்த்தது சாமி. பொய் சொல்ட்டேன்.”

“செம்பைத் தாமஸிடம் கொடு.”

கொடுத்தான். கொடியும் அதோடு போயிற்று என்று சொல்லவேண்டிய அவசியமில்லை. சாமியார் நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அந்த இரண்டு கறுப்பு வட்டங்களும் கண்கொட்டாமல் அம்புரோசையே பார்த்துக்கொண்டு போயின.