ஆறாவது கடி

ஒரு மிருகம் என்னைக் கடிக்க மாட்டேன் என்கிறதே என்று ஒரு மாதம் தூக்கம் கெட்டுத் திரிந்தவள் நான். இதைக் கேட்டுச் சிரிக்காமல் தலையாட்டுகிறவர்கள், எங்கள் மலைப்பக்கத்தில் வாம்பேட் என்ற, கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டி சுமந்து மண்ணில் வளை தோண்டி வாழும் பிராணியை வளர்க்கிறவர்கள் மட்டும்தான்.

நானும் என் புருஷன் மெர்வும் இருபத்திரண்டு வருஷமாக அடிபட்ட, தாயை இழந்த காட்டுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் சமையலறையில் முதலில் பார்க்காமல் யாரும் நாற்காலியில் சாய்ந்துவிட முடியாது. நாற்காலி முதுகில் மாட்டிய துணிப்பைக்குள் கங்காருக் குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கதவுப் பிடியில் இன்னொன்று தொங்கும். சிறகு ஒடிந்த கூக்கபராப் பறவை ஒன்று ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டு, ரேடியோவில் எந்த நல்ல பேட்ஸ்மேன் அவுட்டானாலும் கெக்கலி கொட்டிச் சிரிக்கும். மெர்வ் அதோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி ஒரு வருஷமாகிறது.

கூக்ளி என்ற வாம்பேட் குட்டியைக் கொண்டுவந்தது மெர்வ். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பது எதுவானாலும் எங்கள் ஆட்கள் வண்டியை நிறுத்தி அதன் வயிற்றுப் பைக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள். பார்த்தாயிற்று என்பதற்கு உடம்பின் மேல் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அந்தக் குறி இல்லாத ஒரு தாய் வாம்பேட்டின் பையிலிருந்து, இரண்டு ஆரஞ்சுப் பழத்தின் கனத்தில், ஒரு முடிகூட முளைக்காமல் வந்து சேர்ந்தாள். மெர்வுக்குக் கிரிக்கெட் பைத்தியம். பெயரும் ஒரு பந்துவீச்சின் பெயராகவே அமைந்துவிட்டது.

அவளைத் தலையணை உறைக்குள் போட்டு, என் கடுகு நிற ஸ்வெட்டருக்குள் எட்டு மாதம் சுமந்தேன். என் தங்கை மகள் கல்யாணத்துக்கும் அதே கோலத்தில்தான் போனேன். சரியாக மோதிரம் மாற்றும் நேரத்தில் கூக்ளி ஓர் ஏப்பம் விட்டாள். முன்வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மெர்வை முறைத்தேன்.

வாம்பேட் வளர்ப்பில் ஒரு விஷயம் உண்டு. குட்டியில் மடியைவிட்டு இறங்காது. ஒன்றரை வயது தாண்டியதும் ஒரு நாள், நேற்றுவரை கொஞ்சிய அதே மிருகம் தலையைத் தாழ்த்தி ஓடிவந்து கெண்டைக்காலைக் கவ்வும். இருபத்தைந்து கிலோ, உளி மாதிரிப் பல். அந்தக் கடிதான் அது காட்டுக்குத் தயார் என்பதற்கு அத்தாட்சி. எங்களுக்குள் அதைப் பட்டமளிப்பு என்போம். கடிபட்டவருக்குத்தான் முதல் கோப்பை வைன். என் இடது காலில் ஐந்து தழும்பு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு.

கூக்ளிக்கு இருபது மாதமாகியும் பட்டம் வாங்குகிற உத்தேசமே இல்லை. எங்கள் பக்கத்தில் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் அவளை வீட்டிலிருந்து வேலிக்குள் இருக்கும் வளைக்கு மாற்றினோம். அன்றே ஃப்ரிட்ஜ் கதவில் என் சட்டங்களை எழுதி ஒட்டினேன்: பேசக் கூடாது, தொடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, புல்லை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நவம்பர் வந்துவிட்டது. அவளோ என் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படிப் படுத்திருக்கும்போதுதான், வருஷாவருஷம் உரிமத்துக்காகச் சோதனைக்கு வரும் வனத்துறை அதிகாரி டெனிஸ் வந்து நின்றாள். பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

"நோலா, இது சரியில்லையே."

"கொஞ்சம் லேட் பிக்கப், அவ்வளவுதாம்மா."

"மனுஷனைப் பாத்து வயித்தக் காட்டுறத நான் எப்படிக் காட்டுல விடுறது? நாய் வந்தாலும் இப்படித்தான் படுக்கும். விதி உங்களுக்கே தெரியும்."

தெரியும். திரும்ப விட முடியாததை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கும் முகம் சுருங்கிவிட்டது.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு தடவை வரேன். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது, நோலா."

அவள் வண்டி கேட்டைத் தாண்டியதும் நான் மெர்வைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே? போய் உக்காந்து அவளுக்கு ஸ்கோர் சொல்லிட்டு இருக்கே!"

"அடிப்பாவி, நான் அந்தப் பக்கமே போறதில்ல!"

"பொய். அந்த ரேடியோவ இங்க குடு."

"ரேடியோ என்ன பண்ணுச்சு? இந்தியாவோட ஆட்டம் நடக்குது நோலா, மனுஷத்தன்மையே இல்லையா உனக்கு?"

"மனுஷத்தன்மை அதிகமாகித்தான் அவ இந்தக் கதில கிடக்கா!"

ரேடியோவை எடுத்து மாவு டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினேன். ஏற்கெனவே என் ஸ்வெட்டர் விஷயத்தில் அவன் மேல் கோபம் இருந்தது. ஜூனிலிருந்து அதைக் காணோம். சர்ச்சில் பழைய துணி விற்பனைக்கு மூட்டை கட்டியது அவன்தான். அந்த மூட்டையில் ஸ்வெட்டர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவுமில்லை.

மூன்றாம் நாள், சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மெர்வ் வளைக்குள் இருந்த படுக்கைப் பெட்டியை இழுத்தான். நான் பின்கட்டில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பு நுனியில் எதையோ தூக்கிக்கொண்டு, கோப்பை வென்ற கேப்டன் நடையில் வந்தான்.

"ஆக, சர்ச் விற்பனைல அதை யாரு வாங்கினாங்கன்னு தெரிஞ்சு போச்சு."

கடுகு நிறம். மண்ணும் புல்லுமாக, ஒரு கை பாதி தின்னப்பட்டு, என் ஸ்வெட்டர்.

அப்போதுதான் நினைவு வந்தது. அவளை வெளியே மாற்றிய அன்று உறைபனி. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று நானே கழற்றிப் பெட்டிக்குள் திணித்தேன். அதே கையோடு உள்ளே வந்து சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறேன். பதினெட்டு வருஷம் நான் உடுத்தியது, எத்தனையோ குட்டிகள் பால் சிந்தியது, சலவையே கண்டிராதது அந்த ஸ்வெட்டர். கண்ணைவிட மூக்கை நம்பும் பிராணி, ஐந்து மாதம் அதன் மேல் முகம் வைத்துத் தூங்கியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை என் மடியைவிட்டு அவள் இறங்கவே இல்லை.

"சொல்லு, ஏதாவது சொல்லு" என்றான் மெர்வ்.

"ரேடியோ மாவு டப்பால இருக்கு" என்றேன். எனக்கு அதற்குமேல் மன்னிப்புக் கேட்க வராது.

அன்றிலிருந்து நான் வேலிப் பக்கம் போகவில்லை. மெர்வ் தினமும் வாளியோடு ஓடைக்குப் போய், காட்டு வாம்பேட்கள் பாறை மேல் வைத்துவிட்டுப் போகும் சதுரச் சாணிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து அவள் பெட்டியைச் சுற்றிப் போட்டான். வேற்று வாம்பேட் வாசனை வந்தால்தான் இது என் இடம் என்கிற எண்ணம் வரும். முதல் வாரம் அவள் சாயங்காலமானால் வேலிக் கதவை முட்டி முட்டிக் கத்தினாள். நான் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன், அழுதேன். வேண்டியதைப் போல மூன்று மடங்கு உரித்துவிட்டேன். இரண்டாம் வாரம் சத்தம் குறைந்தது. மூன்றாம் வாரம் நின்றுவிட்டது. ஆனால் கடி மட்டும் விழவில்லை. மெர்வ் தினம் காலைக் காட்டிக்கொண்டு போய் முழுசாகத் திரும்பி வந்தான். அவனைக் கண்டால் ஒளிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

டிசம்பர் இருபதாம் தேதி டெனிஸ் வந்தாள். ஸ்வெட்டர் கதையை மெர்வ் நடித்தே காட்டினான், என் குரலில் கத்தியது உட்பட. விழுந்து விழுந்து சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"அந்த ஸ்வெட்டர் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அதைப் போட்டுக்கிட்டு நீங்க உள்ள போங்க. அதுக்கப்புறமும் அவ வயித்தக் காட்டலைன்னா இங்கயே கையெழுத்துப் போடுறேன்."

"இது அநியாயம்" என்றான் மெர்வ். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

நான் போட்டுக்கொண்டேன். கோடை வெயிலில், ஒன்றரைக் கையுள்ள ஸ்வெட்டரோடு வேலிக்குள் போய்ப் புல்லில் நின்றேன். வளை வாசலில் முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு முழு உடம்பும் வந்தது. எவ்வளவு பெருத்துவிட்டாள்! நேராக என்னிடம் வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் ஓரத்தில் மூக்கை வைத்து இழுத்து மோந்தாள். தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம் போட்டாள், பால் புட்டியைக் கண்டால் போடுவாளே, அதே சத்தம். என் கை தானாகக் கீழே இறங்கியது. ஒரே ஒரு தடவை காதுக்குப் பின்னால் தடவினால் போதும், படுத்துவிடுவாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதுவே அவள் சாவு என்பதும் தெரிந்தது. இரண்டு கையையும் பையில் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

பதில் வராத வாசனையை எத்தனை நேரம்தான் மோந்துகொண்டிருப்பாள்! இரண்டடி பின்னால் போனாள். தலை தாழ்ந்தது.

"ஐயோ அம்மா!"

பூட்ஸுக்கு மேலே, இடது கெண்டைக்கால், நல்ல அழுத்தமாக. நான் ஒற்றைக் காலில் குதித்தேன். "கடிச்சிட்டா! மெர்வ், கடிச்சிட்டாடா!" அவள் வளைக்குள் பாய்ந்து, பின்பக்கத்தால் வாசலை அடைத்து, என் முகத்தில் மண்ணை வாரி இறைத்தாள். மெர்வ் வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். டெனிஸ் அவன் முதுகின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். கிறிஸ்மஸுக்கு வைத்திருந்த வைன் அங்கேயே காலியானது.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் நேரம், நான்கு தையல் போட்ட காலோடு ஓடைக் கரைக்கு நொண்டிக்கொண்டு போனேன். மெர்வ் கூண்டைத் திறந்தான். கூக்ளி மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தாள். புதருக்குள் நடந்தாள். போயே விட்டாள்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலியே" என்றான் மெர்வ்.

"பாத்திருந்தா உன்னைத்தான் உதைச்சிருப்பேன்" என்றேன்.

வண்டிக்கு நடக்கும்போது அவன் என் தோளைப் பிடித்து இரண்டு முறை முன்பக்கமாகத் திருப்பிவிட்டான். சட்டம் எழுதியவள் நான்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.