கண்ணிக்குள் மாட்டிய விரல்

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று எவனோ சொன்னதை நம்பி வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து மாமனார் பண்ணையில் அறுந்த வேலிக்கம்பியை இணைத்தே காலம் போனது. இன்று மட்டும் முகத்தில் தனிக் களை. டவுனில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. மதியப் பஸ்ஸுக்கு மனைவியோடு கிளம்பிவிடுவதாக முடிவு. மாமனாரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்து மரம் விழுந்து மேல்கம்பி அறுந்தது. மாடு வெளியே போய்விடும் என்று கிழவர் அவனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். அறுந்த இரண்டு முனைகளையும் கண்ணியாக வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து அவன் பிடிக்க வேண்டும். மூலைக் கம்பத்தில் கம்பி இழுக்கும் கருவியின் கைப்பிடியை மாமனார் ஆட்டி ஆட்டி இறுக்குவார். பஸ் நினைப்பில் அவன் கையுறை போடவில்லை. கண்ணி நழுவாமலிருக்க மோதிர விரலை உள்ளே கொடுத்திருந்தான். எடுப்பதற்குள் கம்பி இறுகி, கல்யாண மோதிரத்தோடு விரலைக் கவ்விக்கொண்டது.

“ஐயோ, விடுங்க மாமா! விரல் மாட்டிக்கிச்சு!”

கைப்பிடி நின்றது. கம்பி தளரவில்லை.

“டவுனுக்குப் போறீங்களாமே, மாப்பிள்ளை?”

யாரோ காதில் போட்டிருக்கிறார்கள்.

“மொதல்ல விடுங்க, உயிர் போகுது!”

“பதிலைச் சொல்லுங்க, விடறேன்.”

அவன் இடுப்பில் கம்பி வெட்டும் குறடு தொங்கியது. விறைத்து நிற்கும் கம்பியை வெட்டினால் அது சுழன்று வந்து முகத்தைக் கிழிக்கும், கிழவரையும் விடாது. விரல் நுனி நீலம் பாரித்துவிட்டது. பொய்தானே, சொல்லித் தொலைத்துவிட்டுப் பஸ் ஏறினால் போச்சு என்று நினைத்தான்.

“போகல மாமா, சத்தியமா போகல! உங்க பொண்ணுதான் போகலாம்னு நச்சரிக்கிறா. எனக்கு இங்கேயே சுகம்!”

கம்பி தளர்ந்தது. விரலை உருவி வாயில் வைத்துக்கொண்டு திரும்பினான். அலறல் கேட்டு ஓடி வந்த மனைவி, தோளில் பையோடு நின்றிருந்தாள்.

“வலி தாங்காம சும்மா சொன்னேன்,” என்றான் மெதுவாக.

“அதை அப்பாகிட்டச் சொல்லுங்க. சத்தமா.”

மாமனாரைப் பார்த்தான். இப்போது விரல் எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள்.

“இழுக்கலாமா, மாப்பிள்ளை?”

அவன் கண்ணியைக் கோத்தான்.

“இழுங்க மாமா.”